ஃப்ளூ வந்தால் உடம்புக்குள் முதலில் சத்தம் போடுவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளூ காய்ச்சலில் படுத்தவர்கள் வைரஸைத்தான் திட்டுவார்கள். ஆனால் அந்தக் குளிர், அடித்துப்போட்டது போன்ற உடம்புவலி, வாய்க்கசப்பு இவற்றில் பெரும்பகுதி வைரஸின் நேரடி வேலை அல்ல. ‘உள்ளே ஏதோ புகுந்துவிட்டது’ என்று நம் செல்களே போடும் கூச்சலின் விளைவு அது. அந்தக் கூச்சல் எங்கே தொடங்குகிறது, யார் காதில் விழுகிறது, சிலருக்கு ஏன் அடங்காமல் போகிறது என்று பிளஸ் டூ மாணவர்களும் சில பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் உயிரியல் ஆசிரியர், மருத்துவர் அல்ல. மருந்து பற்றி வரும் இடங்களில் அதை மனதில் வையுங்கள்.

ஃப்ளூவும் சளி பிடிப்பதும் ஒன்றுதானே?

இல்லை. சாதாரணச் சளிக்குப் பல வைரஸ்கள் காரணம், அவற்றில் முக்கியமானது ரைனோ வைரஸ். ஃப்ளூ என்பது இன்ஃபுளுவென்சா வைரஸால் வருவது. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை உண்டு. ஆண்டுதோறும் நம்மைப் படுக்க வைப்பவை ஏ, பி இரண்டும்தான். சளி மெதுவாக வரும். ஃப்ளூ காலையில் நன்றாக இருந்தவரைச் சாயங்காலத்துக்குள் கட்டிலில் தள்ளிவிடும். 2009இல் எல்லோரையும் கலங்க வைத்த ‘பன்றிக் காய்ச்சல்’ இருக்கிறதே, அந்த எச்1என்1 வைரஸ் இப்போது வழக்கமான பருவகால ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது.

வைரஸ் உள்ளே வந்ததை முதலில் கண்டுபிடிப்பது வெள்ளையணுக்கள்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்விக்கு வகுப்பில் யாருமே சரியான பதில் சொன்னதில்லை. முதலில் கண்டுபிடிப்பது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்பூச்சாக இருக்கும் சாதாரண எபிதீலியல் செல். நோய் எதிர்ப்பு அதன் முழுநேர வேலை அல்ல. வைரஸ் முதலில் ஏறுவது அந்தச் செல்லின் மீது என்பதால், சத்தம் போடுவதும் அதுவாகவே இருக்கிறது. திருடன் நுழைந்த வீட்டுக்காரர் கத்திய பிறகுதானே ஊர்க்காவல்காரர் ஓடிவருவார்?

நடப்பது இதுதான். வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளில் அது ஒட்டிக்கொள்ளும். நம் சளியிலும் அதே சர்க்கரை ஏராளமாக உண்டு, அதில் சிக்கி வெளியேறிவிடும் வைரஸ்கள் நிறைய. ஆனால் வைரஸிடம் நியூராமினிடேஸ் என்ற இன்னொரு புரதமும் இருக்கிறது. அது அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்டு வழி உண்டாக்கும். தப்பித்த வைரஸ் செல்லுக்குள் போய், 8 துண்டுகளாக இருக்கும் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை அவிழ்த்துவிடுகிறது. அந்த ஆர்.என்.ஏ.தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

நம் செல்லிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறதே, வைரஸுடையது என்று எப்படித் தெரியும்?

முனையைப் பார்த்து. நம் செல்லின் தூது ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றுக்கும் முன் முனையில் வேதியியல் மூடி ஒன்று உண்டு. ஃப்ளூ வைரஸின் மரபுத் துண்டுகளுக்கு அது கிடையாது. மூன்று பாஸ்பேட்டுகள் அப்படியே மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் இந்த மொட்டை முனையைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். ரிக்-ஐயின் இந்த வேலை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் வெளிவந்தது. அது பார்ப்பது அந்த மூன்று பாஸ்பேட்டுகளை என்பது 2006இல் தெளிவானது.

பிடித்த ரிக்-ஐ போய்ச் சேதி சொல்லும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பு. ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று பத்தாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்கிறோமே, அதேதான். ஆற்றல் நிலையத்தின் சுவரிலேயே அபாய மணியும் மாட்டப்பட்டிருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அங்கிருந்து செல்லின் உட்கருவுக்குச் செய்தி போய், சில மணி நேரத்துக்குள் இன்டர்ஃபெரான் உற்பத்தி தொடங்கிவிடுகிறது.

இன்டர்ஃபெரான் என்றால் என்ன?

பக்கத்துச் செல்களுக்குப் போகும் எச்சரிக்கைப் புரதம். வைரஸ் ஏறிய செல் தான் பிழைக்க வழி இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவற்றிடம் ‘கதவைச் சாத்து’ என்று சொல்லிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்ததே ஃப்ளூ வைரஸை வைத்துத்தான். 1957இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஜான் லிண்டன்மன் என்ற சுவிட்சர்லாந்துக்காரரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரு வைரஸ் புகுந்த செல்லில் இன்னொரு வைரஸ் வளர மறுக்கிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது, ஏன் என்றுதான் புரியவில்லை. அவர்கள் கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வை வெட்டி எடுத்து, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு சவ்வைக் கழுவிப் புதிய திரவத்தில் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து, வைரஸையே பார்த்திராத புதுச் சவ்வின் மேல் விட்டால், அதிலும் ஃப்ளூ வைரஸ் வளரவில்லை! அப்படியென்றால் முதல் சவ்வு ஏதோ ஒன்றைத் திரவத்தில் விட்டிருக்க வேண்டும். குறுக்கிடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்கு இன்டர்ஃபெரான் என்று பேர் வைத்தார்கள். நம்பாதவர்கள் ‘இமாஜினான்’, அதாவது கற்பனைப் பொருள் என்று கிண்டலடித்தார்கள். சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாத அளவு நுண்ணிய அளவில் கிடைத்ததால் அந்தக் கிண்டல் பல ஆண்டு தொடர்ந்தது.

இன்டர்ஃபெரான் பட்ட செல்லில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒன்று வைரஸ் நகலெடுப்பதைத் தடுக்கும், ஒன்று புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கும், ஐஎஃப்ஐடிஎம்3 என்ற ஒன்று வைரஸ் உள்ளே அவிழ்வதற்கு முன்பே பையோடு சிறைப்பிடித்துவிடும். அதே லிண்டன்மன் 1960களில் ஃப்ளூவுக்கு அசையாத ஓர் எலி வகையைக் கண்டார். அந்த எலிகளின் ரகசியம் எம்எக்ஸ் என்ற மரபணு, அதை எழுப்புவதும் இன்டர்ஃபெரான்தான் என்று பின்னால் தெரிந்தது. ஆய்வகத்தில் வளரும் மற்ற எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மரபணு பழுதானது. நமக்கு அது நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்போது வருகின்றன?

சில அங்கேயே குடியிருப்பவை. நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் பெருவிழுங்கிச் செல்கள் எப்போதும் உண்டு. தூசி, கிருமி, செத்த செல் எல்லாவற்றையும் விழுங்கிச் சுத்தமாக வைத்திருப்பது அவற்றின் அன்றாட வேலை. பருவகால ஃப்ளூ வைரஸ் இவற்றுக்குள் புகுந்தாலும் பெரும்பாலும் பெருக முடிவதில்லை. மாறாக இவை உஷாராகி, சைட்டோகைன், கீமோகைன் என்ற செய்திப் புரதங்களைக் கொட்டத் தொடங்கும். ரத்தக்குழாய் கொஞ்சம் இளகி, ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் அந்த இடத்தில் இறங்குவது இதனால்தான்.

முதலில் வந்து குவிவது நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள். அடுத்து இயற்கைக் கொல்லிச் செல்கள். வைரஸ் ஏறிய செல்லின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் தெரிந்தால் இவற்றால் அதை உணர முடியும், அந்தச் செல்லைத் தீர்த்தும் கட்டிவிடும். இன்னொரு வகையும் உண்டு: பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல். பேர்தான் வாயில் நுழையாது, வேலை எளிமையானது. இதற்குள் வைரஸ் பெருக வேண்டிய அவசியமே இல்லை. வைரஸை விழுங்கி, வயிற்றுக்குள் வைத்தே டிஎல்ஆர்7 என்ற உணரியால் அதன் ஆர்.என்.ஏ.வை அறிந்துகொண்டு, மற்ற எந்தச் செல்லையும்விட அதிகமாக இன்டர்ஃபெரானைச் சுரக்கும்.

இதையெல்லாம் ‘போர்’, ‘படை வீரர்கள்’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. போரில் எதிரி யாரென்று முன்பே தெரியும். இங்கே பாதிச் சிக்கலே, வந்திருப்பது ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்வதில்தான் இருக்கிறது. தினமும் மூச்சோடு உள்ளே போகும் மகரந்தத்துக்கும் தூசிக்கும் இதே ஆர்ப்பாட்டம் செய்தால் என்ன ஆகும் என்று ஆஸ்துமா உள்ளவர்களைக் கேட்டால் தெரியும்.

காய்ச்சலும் உடம்புவலியும் எப்படி வருகின்றன?

செய்திப் புரதங்களில் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவை ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைத் தீர்மானிக்கும் இடம் இருக்கிறது. அங்கே புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, ‘37 டிகிரி போதாது, 39 வேண்டும்’ என்று அளவை உயர்த்திவிடும். உடம்பு இன்னும் 37இல்தான் இருக்கிறது, மூளை எதிர்பார்ப்பதோ 39. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது சித்திரை வெயிலிலும் பல் கிட்டுகிறது, இரண்டு போர்வை கேட்கிறோம். அளவு மறுபடி 37க்கு இறங்கும்போது உடம்பு சூட்டை வெளியே தள்ள வேண்டியிருப்பதால் வியர்த்துக் கொட்டுகிறது. ‘வேர்த்துடுச்சு, காய்ச்சல் விட்டுடும்’ என்று பாட்டி சொன்னது சரியான கணிப்பு.

ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் மூச்சுப் பாதையைத் தாண்டுவதில்லை. கால் தசையில் அது இல்லை, ஆனாலும் கால் வலிக்கிறது. வலியைக் கொண்டுபோவது வைரஸ் அல்ல, இந்தச் செய்திப் புரதங்கள்தான்.

ரத்த வழியாக மட்டும்தான் மூளைக்குச் செய்தி போகிறது என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ஸ்டீபன் லிபர்லஸ் குழு எலிகளில் ஒன்றைக் காட்டியது. தொண்டையின் பின்பகுதியிலிருந்து மூளைக்கு ஓடும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் புரோஸ்டகிளாண்டினை மோப்பம் பிடித்து, ‘உடம்பு சரியில்லை’ என்று மூளைக்குச் சொல்கிறது. அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்தபோது, தொற்று இருந்தும் எலிகள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டன, தண்ணீர் குடித்தன, நடமாடின. சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக்கூடத் தனி நரம்பு இருக்கிறது!

அப்படியானால் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது தப்பா?

தப்பில்லை. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கிறது, வைரஸை ஒன்றும் செய்வதில்லை. தூங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற அளவுக்கு நிம்மதி கிடைத்தால் நல்லதுதான். அளவு மீறினால் ஈரல் கெடும், அதனால் ‘ஒண்ணுக்கு ரெண்டா’ விழுங்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்குறி அரிதாக வரலாம்.

டி செல், பி செல் எல்லாம் எங்கே இருந்து, யார் சொல்லி வருகின்றன?

கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டி செல், பி செல் இரண்டும் வெள்ளையணு வகைகள். ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணக்கூடியது. இந்த ஃப்ளூ வைரஸின் ஒரு துண்டுக்குப் பொருந்தும் டி செல் நம் உடம்பில் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது கழுத்தில் இருக்கலாம், தொடையிடுக்கில் இருக்கலாம். வைரஸ் இருப்பதோ நுரையீரலில். இரண்டும் எப்படிச் சந்திக்கும்?

தரகர் ஒருவர் இருக்கிறார்: டென்ட்ரிடிக் செல். கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது. அபாய மணி கேட்டதும் சுற்றியிருக்கும் வைரஸ் துண்டுகளை வாரி எடுத்துக்கொண்டு, இடத்தைக் காலிசெய்து, நிணநீர் வழியாகப் பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்விடும். டி செல்கள் ரத்தத்திலிருந்து இறங்கி ஒவ்வொரு கணுவாகச் சுற்றிவருபவை. கணுவில் டென்ட்ரிடிக் செல் தன் துண்டுகளைக் கடை பரப்பி வைத்திருக்கும், டி செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பொருந்துகிற ஒன்று வந்து மாட்டும்வரை இது நடக்கும். தொண்டைப் புண்ணில் கழுத்தில் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அது இந்தச் சந்தை கூடியிருக்கிறது என்று அர்த்தம். நுரையீரலுக்கான கணுக்கள் மார்புக்குள் இருப்பதால் அங்கே நெறி கட்டுவது கைக்குத் தட்டுப்படாது.

டென்ட்ரிடிக் செல்லை 1973இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சான்வில் கோனுடன் சேர்ந்து அடையாளம் காட்டியவர் ரால்ஃப் ஸ்டைன்மன். ரொம்ப நாள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2011 அக்டோபர் 3ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். கணையப் புற்றுநோய் கண்டிருந்த அவர் மூன்று நாள் முன்பே, செப்டம்பர் 30 அன்று இறந்துவிட்டிருந்தார். தன் டென்ட்ரிடிக் செல்களையே பயன்படுத்தும் சோதனைச் சிகிச்சையை எடுத்துக்கொண்டு நான்கு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர். இறந்தவருக்கு நோபல் கிடையாது என்பது விதி. இறந்தது தெரியாமல் அறிவித்தோம், முடிவு முடிவுதான் என்று குழு சொல்லிவிட்டது.

துண்டைக் காட்டினால் மட்டும் போதுமா?

போதாது. துண்டு பொருந்தினாலும், டென்ட்ரிடிக் செல் உஷார் நிலையில் இருந்தால்தான் டி செல் கிளம்பும். உஷாரானதற்கு அடையாளமாக அதன் மேற்பரப்பில் வேறு சில புரதங்கள் முளைத்திருக்க வேண்டும். அவை இல்லாமல் துண்டு மட்டும் தெரிந்தால், ‘இது நம்ம வீட்டுப் பொருள்தான் போல’ என்று டி செல் அடங்கிவிடும்.

அந்தக் காலத்தில் ஆய்வகங்களில் ஒரு பழக்கம் இருந்தது. சுத்தமான புரதத்தை விலங்குக்கு ஊசியில் ஏற்றினால் எதிர்ப்பு சரியாக வராது. கூடவே செத்த பாக்டீரியாவைக் கலந்தால் வரும். ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1989இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே இதை நம் துறையின் அசிங்கமான சிறு ரகசியம் என்றே வெளிப்படையாகச் சொல்லி, கிருமியின் பொது அடையாளங்களைப் பார்த்து அபாயம் சொல்லும் உணரிகள் உடம்பில் இருந்தாக வேண்டும் என்று கணித்தார். அப்போது கையில் ஆதாரம் கிடையாது. 1990களின் பிற்பகுதியில் டோல் உணரிகள் (மேலே வந்த டிஎல்ஆர்7 அவற்றில் ஒன்று) ஒவ்வொன்றாகக் கிடைத்தபோது கணிப்பு பலித்தது. ஸ்டைன்மனோடு நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜூல்ஸ் ஹோஃப்மன், புரூஸ் பாய்ட்லர் இருவரும் அந்த உணரிகளில் வேலை செய்தவர்கள். ஜேன்வே 2003இலேயே காலமாகிவிட்டார்.

சரியாகக் கிளம்பிய டி செல் என்ன செய்யும்?

பிரியும், மறுபடி பிரியும். சில நாளில் ஒன்று ஆயிரக்கணக்காகிவிடும். சிடி8 வகை நுரையீரலுக்குப் போய், வைரஸ் ஏறிய செல்களில் துளை போட்டு அவற்றைச் சாகவைக்கும். வழி எப்படித் தெரியும் என்றால், முதலில் வந்த நியூட்ரோஃபில்கள் போகிற பாதையில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஈர்ப்புப் பொருளைச் சிந்திக்கொண்டே போயிருக்கின்றன. டி செல்கள் அந்தத் தடத்தைப் பிடித்துப் போவதை 2015இல் எலிகளில் பார்த்தார்கள். சிடி4 வகை பி செல்களுக்கு உதவுகிறது, பி செல்கள் வைரஸைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கின்றன.

இதற்கெல்லாம் முதல் தடவையாக இருந்தால் ஐந்தாறு நாளாவது பிடிக்கும். ஃப்ளூ ஒரு வாரம் படுத்துவதற்கும் அதன்பின் தேறுவதற்கும் இந்தக் கணக்குப் பொருந்திப்போகிறது. இருமலும் சோர்வும் மட்டும் இன்னும் சில வாரம் ஒட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் போன பின்னும் மூச்சுக்குழாயின் உள்பூச்சு திரும்ப வளர வேண்டுமே.

வைரஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

இருக்காது. என்எஸ்1 என்று ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதன் முழுநேர வேலையே அபாய மணியின் கம்பியை அறுப்பது. ஆர்.என்.ஏ.வை மூடி மறைக்கும், ரிக்-ஐ எழும்புவதற்கு உதவும் புரதத்தைக் கட்டிப்போடும். ஆய்வகத்தில் என்எஸ்1 இல்லாமல் செய்த வைரஸ், இன்டர்ஃபெரான் சுரக்கும் செல்களில் திணறிப்போகிறது. தொற்றி ஒன்று முதல் நான்கு நாள் வரை நமக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதிலும், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரப்பிவிடுவதிலும் இந்தத் தந்திரத்துக்குப் பங்கு உண்டு.

ஒரு தடவை வந்தால் எதிர்ப்பு வந்துவிடுமே, மறுபடி ஏன் வருகிறது?

ஆன்டிபாடி பெரும்பாலும் பிடிப்பது ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியை. வைரஸ் மாற்றிக்கொண்டே இருப்பதும் அந்தத் தலையைத்தான். நினைவு அழிவதில்லை, முகம்தான் மாறுகிறது. 1918 கொள்ளைநோயின் காலத்தில் வாழ்ந்து, 2008 வாக்கில் உயிரோடு இருந்த 32 முதியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அந்தப் பழைய வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி 90 ஆண்டுக்குப் பிறகும் இருந்தது.

டி செல்கள் கதை வேறு. அவை வைரஸின் உள்ளே இருக்கும் புரதத் துண்டுகளையும் பார்க்கின்றன, அவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. 2009 எச்1என்1 பரவியபோது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 342 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். புது வைரஸுக்கு ஆன்டிபாடி இல்லாவிட்டாலும், பழைய ஃப்ளூக்களால் உண்டான சிடி8 செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாகவே போயிற்று. தொற்றைத் தடுக்காவிட்டாலும் படுக்கையில் தள்ளாமல் பார்த்துக்கொண்டன.

நல்ல திடகாத்திரமான ஆட்களும் சில சமயம் ஃப்ளூவில் இறப்பது ஏன்?

ஒரே காரணம் இல்லை. மணி அடிக்காமல் போவதும் ஆபத்து, அடித்த மணி நிற்காமல் போவதும் ஆபத்து.

மணி அடிக்காததற்கு உதாரணம்: இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஃப்ளூவில் நுரையீரல் செயலிழக்கும் நிலை வந்தது. பிழைத்த அந்தக் குழந்தையின் மரபணுவைப் பார்த்தபோது, இன்டர்ஃபெரானைப் பெருக்கும் ஐஆர்எஃப்7 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுது. 2015இல் இது வெளியானது. இன்னொரு வகையில், சிலரின் உடம்பு தன் சொந்த இன்டர்ஃபெரானையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடியை வைத்திருக்கிறது. 2022இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ நிமோனியாவால் கவலைக்கிடமான 279 பேரில் சுமார் 5 சதவீதத்தினரிடம் அது இருந்தது. வெளிப்பார்வைக்கு அவர்கள் திடகாத்திரமானவர்களே.

நிற்காத மணிக்கு உதாரணம் 1997இல் ஹாங்காங்கில் மனிதர்களுக்கு வந்த எச்5என்1 பறவைக் காய்ச்சல். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த வைரஸ் பெருவிழுங்கிச் செல்களைத் தூண்டி, வழக்கமான ஃப்ளூவைவிடப் பல மடங்கு சைட்டோகைன்களைக் கொட்ட வைத்தது. காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறி இளகினால் நீர் உள்ளே கசியும், மூச்சு முட்டும். சைட்டோகைன் புயல் என்று செய்தித்தாள்களில் வருவது இதுதான்.

1918இல் உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேர் இறந்தார்கள், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதுக்காரர்கள் அதில் அதிகம். துடிப்பான எதிர்ப்பு சக்தியே அவர்களைக் கொன்றது என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். என் பார்வையில் அது பாதிக் கதை. அன்று இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை 2008இல் மறுபடி பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் பின்னால் புகுந்த பாக்டீரியாவின் நிமோனியாவே தெரிந்தது. ஃப்ளூ உள்பூச்சைக் கிழித்துவிட்டு, பெருவிழுங்கிச் செல்களையும் ஓயவைத்துவிட்டுப் போனால், திறந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அன்று ஆன்டிபயாடிக் கிடையாது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

மேலே சொன்னதைப் படித்த பிறகு, எதைக் கூட்டச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இன்டர்ஃபெரானையா? அதைக் கூட்டினால் காய்ச்சலும் உடம்புவலியும் கூடும். அந்தக் காலத்தில் ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்களால் வரும் ஈரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஃப்ளூ வந்தது மாதிரியே இருந்தது. மிளகு ரசம் தொண்டைக்கு இதம், சளி இளகும், உடம்புக்கு நீர் சேரும். தாராளமாகக் குடியுங்கள். அதைக் குடித்ததால் டென்ட்ரிடிக் செல் வேகமாக ஓடாது. தூக்கம், சத்தான சாப்பாடு, புகை பிடிக்காமை, சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பட்டியல். டப்பாவில் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று எழுதி விற்பதற்குக் காசு செலவழிப்பவர்கள், அதே காசில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தடுப்பூசி போட்டால் ஃப்ளூ வருமா?

ஊசியாகப் போடும் வகையால் வராது, அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கை வலியும் ஒரு நாள் மந்தமும் அதே அபாய மணி சின்ன அளவில் அடிப்பதுதான். எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறு எங்கேயோ தொற்றிக்கொண்டவர் ஊசியின் மேல் பழி போடுவார்.

வைரஸ் முகம் மாற்றுவதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று புதிதாகச் சொல்கிறது. முதியவர்களின் செல்கள் மெதுவாகவே உஷாராகும். அதனால் சில நாடுகளில் அவர்களுக்கு நான்கு மடங்கு அளவிலோ, மணியை ஓங்கி அடிக்கும் துணைப்பொருள் சேர்த்தோ தருகிறார்கள். அப்படித் துணைப்பொருள் சேர்த்த ஊசி 1997இலேயே இத்தாலியில் வந்துவிட்டது. ஜேன்வே சொன்ன ‘ரகசியம்’ மருந்துக் கடைக்கு வந்த கதை அது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னை, வேலூரில் அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் வருவதாக ஆய்வுகள் காட்டின. அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

நிறத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பச்சை நியூட்ரோஃபில்களுடையது, அவற்றில் இருக்கும் ஒரு நொதியின் நிறமே அது. வைரஸ் தொற்றிலும் வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே. கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள்ளேயே போய்விட வேண்டும். ஓசெல்டாமிவிர் மாத்திரை வைரஸின் நியூராமினிடேஸை அடைத்துவைப்பது; 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ‘ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க, சட்டுன்னு எழுந்துடுவேன்’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அது மணியை நிறுத்திவிடும், வைரஸ் அங்கேயேதான் இருக்கும்.

முக்கியமாக ஒன்று: காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடி, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் கெட்டிச் சளியுமாக வந்தால், அது பழைய காய்ச்சலின் மிச்சம் என்று வீட்டில் இருக்காதீர்கள். பாக்டீரியா நிமோனியா அப்படித்தான் வரும்.